எழுதுகிறவர் இரண்டு, பார்க்கிறவர் பத்து

“எத்தனை பேர் எழுதுவாங்க மேடம், எத்தனை பேர் பார்க்க மட்டும் செய்வாங்க?” என்று டை கட்டிய விற்பனையாளர் கேட்டதும் கிடுக்கிக்குச் சுருக்கென்றது. கேள்வியில் தப்பு ஒன்றுமில்லை. மனிதர் மென்பொருள் விற்க வந்திருக்கிறார். ஆள் கணக்குத் தெரியாமல் அவரால் விலை சொல்ல முடியாது. ஆனால் ஆட்களை இப்படி இரண்டு குவியலாகப் பிரித்துப் போடுவதை அவள் பிறந்ததிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள். தன்னை எந்தக் குவியலில் தள்ளுவார்கள் என்பதும் அவளுக்குத் தெரியாதா என்ன?

“எங்க ஆபீஸ்ல பார்க்க மட்டும்னு யாருக்கும் சம்பளம் குடுக்கிறதில்ல. அப்படி ஒரு வேலை எங்கயாவது இருந்தா சொல்லுங்க, நானே போய்ச் சேர்ந்துக்கறேன்,” என்றாள்.

டைக்காரர் சிரித்துவைத்தார். அவருக்கு ஆள் புதிது, பாவம்.

கிடுக்கி என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. லிஃப்ட் பழுதுபார்க்கும் அந்தக் கம்பெனியில், உதிரிப் பாகம் விற்க வருகிறவர்களை அவள் கேள்விமேல் கேள்வி கேட்டு மடக்குவதைப் பார்த்த ஒரு மெக்கானிக், “இவங்ககிட்ட மாட்டினா கிடுக்கிப்பிடிதான்டா சாமி” என்று ஒரு நாள் சொன்னார். அன்றோடு ஒட்டிக்கொண்டது. நேரில் எல்லோருக்கும் அவள் அக்கா. அந்தப் பக்கம் போனால் கிடுக்கி. அது அவள் காதுக்கும் வந்தது. கோபப்படுவாள் என்று நினைத்தார்கள், அவளோ உள்ளூரப் பூரித்துப்போனாள்.

கம்பெனி ஒன்றும் பெரிய மாளிகை இல்லை. நீளமான ஒரு தரைத்தளம். பின்னால் கிடங்கு, கம்பிவடச் சுருள்களும் கதவுச் சக்கரங்களும் கிரீஸ் டப்பாக்களும் அங்கே. நடுவில் முதலாளியின் கண்ணாடி அறை. முன்னால் தெருவைப் பார்த்தபடி போன் அறை. மூன்று மேசை, மூன்று நாற்காலி, மூன்று தொலைபேசி. எங்கேயாவது ஒரு கட்டிடத்தில் லிஃப்ட் நின்றுபோய் உள்ளே ஆள் சிக்கிக்கொண்டால், லிஃப்டுக்குள் இருக்கிற சிவப்புப் பொத்தானை அழுத்துவார்கள். அழைப்பு இந்த அறைக்கு வரும். அந்த அறைக்கு மேற்பார்வை கிடுக்கி.

அந்த அறையில் ஒரு வழக்கம் இருந்தது. போனை எடுத்தவர், லிஃப்ட் கதவு திறக்கிற வரைக்கும் கீழே வைக்கக் கூடாது. இன்னொருவர் கையில் கொடுக்கவும் கூடாது. ஷிஃப்ட் முடிந்தாலும் சரி, டீ ஆறிப்போனாலும் சரி, உள்ளே இருக்கிறவரோடு பேசிக்கொண்டே இருக்க வேண்டும். கதவு திறந்த பிறகு, பேசியவரே கணினியில் ஒரு வரி எழுத வேண்டும்: எந்தக் கட்டிடம், எந்த லிஃப்ட், ஆள் எவ்வளவு நேரம் உள்ளே இருந்தார். வேறு யாரும் அதை எழுதக் கூடாது. “அந்தக் குரலைக் காதால கேட்டவங்க நேரத்தைக் குறைச்சு எழுத மாட்டாங்க” என்பது கிடுக்கியின் வாதம்.

அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எடுத்த முதல் அழைப்பு ஒரு துணிக் கிடங்கின் சரக்கு லிஃப்டிலிருந்து. உள்ளே இருந்த ஆளுக்கு இருட்டென்றால் ஆகாது. “எதையாவது பேசிட்டே இருங்க, நிறுத்திடாதீங்க” என்று கெஞ்சினார். இவளும் ஊர்க்கதை உலகக்கதை எல்லாம் பேசிப் பார்த்தாள். எவ்வளவு நேரம்தான் பேசுவது? சரக்குத் தீர்ந்ததும், மேசைமேல் கிடந்த உதிரிப் பாக விலைப்பட்டியலை எடுத்து அதைப் படித்துக் காட்ட ஆரம்பித்துவிட்டாள். கதவுச் சக்கரம் என்ன விலை, கைப்பிடி என்ன விலை என்று அவள் இழுத்து இழுத்துப் படிக்க, அந்த ஆள் இருட்டுக்குள் சிரித்துவிட்டார். அப்போதுதான் அவளுக்கும் மூச்சு வந்தது. அன்றைக்கு வீட்டுக்குப் போய் அரை மணி நேரம் அழுதாள் என்பது அவள் வீட்டுக்காரருக்கு மட்டும் தெரியும்.

அந்த வரிகளுக்குப் பின்னால் ஒரு விதி உண்டு. ஒரே லிஃப்டில் ஒரே மாதத்தில் மூன்று முறை ஆள் சிக்கினால், அந்த வரி சிவப்பாகும். சிவப்பானால் ஃபோர்மேன் போய்ச் சாவி போட்டு லிஃப்டை நிறுத்திவிடுவார். பிரித்துப் பார்த்து, என்ன கோளாறென்று கண்டுபிடிக்கிற வரைக்கும் அது ஓடாது. இந்த விதியைப் போட்டது வேறு யாரும் இல்லை, முதலாளியேதான். அவரும் ஒரு காலத்தில் கையில் ஸ்பானரோடு மாடி மாடியாக ஏறியவர்.

அப்படிப்பட்ட முதலாளி ஒரு நாள் நண்பருடைய அலுவலகத்துக்குப் போனார். அங்கே சுவர் முழுக்க ஒரு பெரிய திரை. அதில் வண்ண வண்ணச் சக்கரங்கள், ஏறி இறங்கும் பட்டைகள். வியாபாரம் எப்படிப் போகிறது என்று நின்ற இடத்திலேயே பார்த்துக்கொள்ளலாமாம். டாஷ்போர்டு என்று பெயராம். மனிதர் சொக்கிப்போய்த் திரும்பி வந்தார். “நமக்கும் அது மாதிரி ஒண்ணு வேணும்மா. பிளான் எது எடுக்கலாம்னு நீயே பேசி முடிச்சிடு. உன்னை விட்டா பேரம் பேச ஆள் ஏது?” என்று கிடுக்கி தலையில் கட்டிவிட்டார்.

அவளுக்கும் வேண்டாம் என்று இல்லை. நாலு பேர் ஒரே நேரத்தில் திறந்தால் இறுகிப்போய் நிற்கிற பழைய அட்டவணையோடு அவள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமா? ஆசையாகத்தான் டைக்காரரை வரச் சொன்னாள். விலை பேசுகிற நேரத்துக்கு முதலாளியும் வந்து உட்கார்ந்துகொண்டார்.

மூன்று பிளான் இருந்தது. சின்னதில் இரண்டு பேர் எழுதலாம், மாற்றலாம்; பத்துப் பேர் பார்க்கலாம். நடுவில் உள்ளதில் எழுதுகிற தலை ஒவ்வொன்றுக்கும் தனி லைசென்ஸ், எத்தனை தலையோ அத்தனை காசு. பெரியது நூற்றுக்கணக்கில் ஆள் வைத்திருப்பவர்களுக்கு. அதன் விலையைக் கேட்டதும் முதலாளி தண்ணீர் கேட்டார்.

“நடுவுல இருக்கிறதே போதும். போன் ரூம்ல மூணு நாற்காலி. மூணு லைசென்ஸ்,” என்றார் முதலாளி.

“நாற்காலியா முதலாளி போன் எடுக்குது? ஷிஃப்ட் மாத்தி மாத்தி ஏழு பேர் உட்காரறோம். ஃபோர்மேன் அண்ணனோட எட்டு.”

“ஒரு பாஸ்வேர்டை எல்லாரும் வச்சுக்கங்களேன். கழிவறைச் சாவி மாதிரி.”

டைக்காரர் இருமினார். ஒரு லைசென்ஸ் ஒரு ஆளுக்குத்தான், ஒப்பந்தத்தில் எழுதியே இருக்கிறது என்றார். ஒரு தலையின் விலையை எட்டால் பெருக்கிப் பார்த்த மாதிரி முதலாளியின் முகம் போயிற்று.

அந்த நேரம் பார்த்துத்தான், அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை வாயைத் திறந்தான். முதலாளியின் மகளைக் கட்டியவன். ஆறு மாதமாக மேனேஜர். ஆபீசில் எல்லோருக்கும் அவன் மாப்பிள்ளை சார்.

“எதுக்கு மாமா எட்டு? சின்ன பிளானே போதும். எழுதறதுக்கு நீங்க ஒண்ணு, நான் ஒண்ணு. போன் எடுக்கிறவங்க துண்டுச் சீட்டுல எழுதிக் குடுக்கட்டும், சாயந்தரம் நான் ஏத்திடறேன். இப்ப ஆளாளுக்கு ஒரு மாதிரி எழுதறாங்க அக்கா. போன வாரம் ஒருத்தங்க நேரம் போடற கட்டத்துல ‘பாவம், அழுதுட்டே இருந்தாங்க’ன்னு எழுதியிருக்காங்க. கம்ப்யூட்டர் அதை எப்படிக் கூட்டும்?”

கிடுக்கிக்கே சிரிப்பு வந்துவிட்டது. அந்த விஷயத்தில் அவன் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. “அதை நான் திருத்தறேன், மாப்பிள்ளை சார். நேரம்னா நேரம் மட்டும் போட வைக்கிறேன்,” என்றாள்.

அவன் அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. “இன்னொண்ணு. இருபது நிமிஷத்துக்குள்ள திறந்துட்டா அதை எதுக்கு ‘ஆள் சிக்கியது’ன்னு போடணும்? ‘கதவுத் தாமதம்’னு போட்டா போச்சு. இந்தத் திரையை கஸ்டமரும் பார்க்கப் போறாங்க. படிச்சதும் வயித்துல புளி கரைக்கிற மாதிரி எதுக்கு எழுதி வைக்கணும்?”

கிடுக்கிக்கு இப்போது சிரிப்பு வரவில்லை. அவன் எந்த வாடிக்கையாளரை மனத்தில் வைத்துப் பேசுகிறான் என்று அவளுக்குத் தெரியும். பன்னிரண்டு மாடிக் குடியிருப்பு ஒன்று, கம்பெனியின் பெரிய கிராக்கி. அடுத்த மாதம் ஒப்பந்தம் புதுப்பிக்க வேண்டும். அதன் பின்கட்டிடத்தில் இருப்பது ஒரே ஒரு லிஃப்ட். அந்த லிஃப்டில்தான் இரண்டு நாளைக்கு முன்னால் ஒன்பதாம் மாடி டீச்சர் சிக்கினார். கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர், தனி ஆள், நடைச்சட்டம் பிடித்துத்தான் நடப்பார். அப்போது போனை எடுத்தது கிடுக்கி. லிஃப்ட் தளத்துக்கு நேராக நிற்காமல் சறுக்கி நின்றது என்று டீச்சர் சொல்லியிருந்தார். அது அவளை உறுத்திக்கொண்டே இருந்தது.

எழுதுவது இந்த இரண்டு பேர் மட்டும் என்று ஆகிவிட்டால் அந்த லிஃப்டில் எத்தனை பேர் சிக்கினாலும் கணக்கு மூன்றைத் தொடாது. அது பாட்டுக்கு ஓடும், டீச்சர் பாட்டுக்கு அதில் ஏறுவார். பிளான் எது என்ற பேச்சில் இருந்தது அவ்வளவுதான்.

“நடு பிளான், எட்டுப் பேர். இதுல நான் இறங்கி வர மாட்டேன்,” என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டாள்.

வீட்டுக்குப் போனால் அங்கே வீட்டுக்காரர் சமையலறை மேசையில் யாருடைய கண்ணாடிக்கோ கால் மாட்டிக்கொண்டிருந்தார். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார்; குரல் உயர்த்திப் பேசத் தெரியாத மனிதர். எல்லாவற்றையும் கேட்டார்.

“சின்னதோ பெரிசோ, அவங்க காசு, அவங்க கம்பெனி. ஒரு கையெழுத்தைப் போட்டுட்டு வந்து நிம்மதியா தூங்கேன்.”

“ஏங்க, அந்த அம்மா லிஃப்ட்டுக்குள்ள நிக்கிறாங்க. நான் இங்க நிம்மதியா தூங்கவா?”

“நீ எதுல நிம்மதியா இருந்திருக்கே? வீடு வாங்கறப்ப பேங்க்ல பண்ணின கூத்து மறந்துபோச்சா?”

அந்தக் கூத்து தெரு முழுக்கப் பிரசித்தம். வீட்டுக்குப் போட்ட பணத்தில் பாதி அவளுடையது. பத்திரத்தில் பார்த்தால் அவர் பெயர் மட்டும். “நீங்க சாட்சிக் கையெழுத்து மட்டும் போட்டா போதும் மேடம்” என்றார் வங்கி அதிகாரி. இவள் நாற்காலியைப் பிடித்து உட்கார்ந்துவிட்டாள். தன் பெயர் முன்னால் வருகிற வரைக்கும் எழுந்திருக்க மாட்டேன் என்றாள். வங்கிக்கதவு பாதி இறங்கி, காவலாளி சாவிக்கொத்தோடு வந்து நின்று, கடைசியில் புதிதாக அச்சடித்துக் கொடுத்தார்கள். பக்கத்தில் வீட்டுக்காரர் வெட்கத்தில் கூனிக்குறுகி நின்றாலும், அவளை எழுந்திரு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதற்காகவே அவரை அவளுக்கு ரொம்பப் பிடிக்கும்.

“உன்னை மாத்த யாரால முடியும்? நான் போய் டீ போடறேன்,” என்று அவர் எழுந்தார்.

மறுநாள் முதலாளி அவளைக் கண்ணாடி அறைக்குள் கூப்பிட்டார். சின்ன பிளான் ஒப்பந்தம் மேசைமேல் தயாராக இருந்தது. அவர் கையெழுத்தும் போட்டாகிவிட்டது.

“கோவிச்சுக்காதேம்மா. எட்டுப் பேருக்குக் கட்டுப்படியாகல. பார்க்கிறவங்க பட்டியல்ல உன் பேரைத்தான் முதல்ல போட்டிருக்கேன். சந்தோஷமா?”

“என் பேரை எடுத்துடுங்க முதலாளி.”

“ஏன்?”

“பார்த்துட்டுப் பேசாம இருக்க எனக்கு வராது. அப்புறம் நீங்கதான் வருத்தப்படுவீங்க.”

அவர் எடுக்கவில்லை. அவள் சும்மா சொல்கிறாள் என்று நினைத்தார். இத்தனை வருடம் பழகியும் ஆளைப் புரிந்துகொள்ளவில்லை பாருங்கள்!

திரை வந்தது. சுவரில் மாட்டினார்கள். குறை சொல்லக் கூடாது, அழகாகத்தான் இருந்தது. சக்கரங்கள் சுற்றின, பட்டைகள் ஏறின, எங்கு பார்த்தாலும் பச்சை. போன் அறையில் எல்லோருக்கும் துண்டுச் சீட்டுக் கட்டு ஒன்று கொடுத்தார்கள். பழைய பழக்கத்தில் கிடுக்கி கணினியில் ஒரு கட்டத்தைத் தொட்டு எழுதப் பார்த்தாள். ‘உங்களுக்குப் பார்வையிட மட்டும் அனுமதி’ என்றது அது. “அடச்சீ, நீயுமா?” என்று அதையே ஒரு திட்டுத் திட்டினாள்.

பழைய அட்டவணையிலிருந்த டீச்சரின் அழைப்பு, புதுத் திரைக்கு வந்து சேரும்போது ‘கதவுத் தாமதம்’ ஆகியிருந்தது. அடுத்த வாரம் அதே பின்கட்டிட லிஃப்டில், பார்சல் கொடுக்கப் போன ஓர் ஆள் சிக்கினார். போனை எடுத்த பெண் ‘ஆள் சிக்கியது’ என்று கொட்டை எழுத்தில் எழுதி அடிக்கோடும் போட்டுக் கொடுத்தாள். சாயங்காலம் திரையில் அதுவும் கதவுத் தாமதம்.

கிடுக்கி நேரே மாப்பிள்ளை மேசைக்குப் போனாள். “என்ன சார் இது? யார் காதுல பூ சுத்தறீங்க?”

“கதவு திறக்கல. அப்ப கதவுதானே அக்கா? நான் பொய்யா எழுதியிருக்கேன்?”

“உள்ளே ஆள் இருந்தாரா இல்லையா?”

அவன் பக்கத்தில் யாரும் இல்லையே என்று பார்த்துக்கொண்டான். குரலைத் தாழ்த்தினான். “அடுத்த மாசம் அந்த காண்ட்ராக்ட் போச்சுன்னா, மாமா யாரைக் கேப்பார்? உங்களையா கேப்பார்? என்னைத்தான். வீட்டுக்குப் போனா அங்கயும் அவர் முகத்துலதான் முழிக்கணும். கொஞ்ச நாள் பொறுங்களேன் அக்கா, புதுப்பிச்சதும் நானே அந்த லிஃப்ட்டைப் பார்க்கச் சொல்றேன்.”

அவன் கெட்டவன் இல்லை என்பதுதான் கிடுக்கிக்கு எரிச்சலை மூட்டியது. கெட்டவனாக இருந்தால் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட்டுப் போயிருக்கலாம். இவன் பயந்தவன்; பயந்துகொண்டே பூசி மெழுகுகிறவன்.

அவன் பொறுக்கச் சொன்னான், லிஃப்ட் பொறுக்கவில்லை. அந்த மாதம் முடிவதற்குள் ஒரு காலை வேளையில் போன் அடித்தது. கிடுக்கி எடுத்தாள்.

“ஏம்மா, நான்தான். மறுபடியும் உள்ளே நிக்கிறேன்.” ஒன்பதாம் மாடி டீச்சர்.

அவள் கைகாட்ட, பக்கத்து மேசைப் பெண் மெக்கானிக்கை அனுப்ப ஓடினாள்.

“பயப்படாதீங்க டீச்சர். ஆள் கிளம்பியாச்சு. எந்த மாடின்னு காட்டுது?”

“ஏழுன்னு காட்டுது. ஆனா ஏழுல நிக்கல. ஏழு வந்ததும் நின்னுது, அப்புறம் மெதுவா வழுக்கிட்டுக் கீழே இறங்கிச்சு. வயிறு குலுங்கிப்போச்சு எனக்கு. அது கதவுக் கோளாறு இல்லம்மா.”

“யார் கதவுன்னு சொன்னது?”

“எங்க சங்கச் செயலாளர்தான். உங்க கம்பெனி திரையை போன்லயே காட்டினாரே. கதவுத் தாமதம்னு போட்டிருக்கு. போன தடவை நான் உள்ளே அழுதேனே, அது உனக்குக் கேட்டுச்சில்ல?”

“கேட்டுச்சு டீச்சர்.”

“அப்புறம் எப்படிம்மா அது கதவுத் தாமதம் ஆச்சு?”

கிடுக்கிக்கு அவமானமாக இருந்தது, தான் எழுதாத வரிக்குத் தான் தலைகுனிய வேண்டியிருக்கிறதே என்று உடம்பெல்லாம் எரிந்தது.

“அதை நான் எழுதல டீச்சர். ஆனா இன்னைக்கு இதை நிறுத்திடறேன்.”

“நிறுத்தினா நான் ஒன்பதாம் மாடியில அடைஞ்சு கிடக்கணும். தெரியுமில்ல?”

“தெரியும்.”

“நிறுத்தித் தொலை,” என்றார் டீச்சர். “வீட்டுக்குள்ள அடைஞ்சு கிடந்தா ஜன்னலாவது இருக்கு.”

கதவு திறக்கிற சத்தம் கேட்கும் வரை பேசினாள். பிறகு போனை வைத்துவிட்டு, துண்டுச் சீட்டைத் தொடவே இல்லை. கிடங்குக்குப் போனாள். ஃபோர்மேன் கம்பிவடம் அளந்துகொண்டிருந்தார்.

“அண்ணே, பின்கட்டிட லிஃப்ட்ல இது மூணாவது. வாங்க, நிறுத்தலாம்.”

“திரையில பச்சையாத்தானேம்மா இருக்கு. சிவப்பு வராம நான் கை வைக்கக் கூடாதுன்னு மாப்பிள்ளை சார் சொல்லியிருக்கார். எனக்குப் பிரேக் மேலதான் சந்தேகம். இருந்தாலும் என் வாயைக் கட்டிப் போட்டிருக்காங்களே.”

“உங்களை யார் கை வைக்கச் சொன்னா? சாவியை என்கிட்ட குடுங்க. நான் கை வைக்கிறேன்.”

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். சாவிக்கொத்தை எடுத்தார். கொடுக்காமல், தானே இடுப்பில் சொருகிக்கொண்டு செருப்பைத் தேடினார்.

அவர்கள் போனபோது டீச்சர் ஏழாம் மாடி நடையில், யாரோ கொண்டுவந்து போட்ட நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முகம் வெளுத்திருந்தது, வாய் மட்டும் அப்படியே இருந்தது. கிடுக்கி ஒரு பக்கம், ஃபோர்மேன் ஒரு பக்கம் நாற்காலியோடு தூக்கி, மூச்சு வாங்க வாங்க அவரை வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள். “நடைச்சட்டத்தையும் கொண்டு வாங்க, நான் ராணி இல்ல, என்னை இப்படியே தூக்கிட்டுத் திரிய,” என்றார் டீச்சர். அதன் பிறகு கீழே இறங்கி வந்து, கிடுக்கி ஃபோர்மேனிடம் சாவியை வாங்கித் தன் கையாலேயே திருப்பினாள். லிஃப்டின் விளக்கு அணைந்தது. ‘ஓடாது’ பலகையையும் அவளே மாட்டினாள்.

முதலாளி வருவதற்கு அதிக நேரம் ஆகவில்லை. கூடவே மாப்பிள்ளை, குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர். செயலாளர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

“யாரைக் கேட்டும்மா நிறுத்தினே?” என்று முதலாளி கத்தினார்.

“யாரையும் கேக்கல.”

“உனக்கு என்ன அதிகாரம் இருக்கு?”

“ஒண்ணும் இல்ல. எனக்குப் பார்க்க மட்டும்தான் அனுமதி. பார்த்தேன். நிறுத்திட்டேன்.”

செயலாளர் தன் கைபேசியை முதலாளியின் மூக்குக்கு நேரே நீட்டினார். “உங்க டாஷ்போர்டு சார் இது. நீங்களே காட்டினது. எல்லாம் பச்சை. லிஃப்ட் நல்லா இருக்குன்னு நீங்க சொல்றீங்க. இல்லன்னு உங்க ஆள் சொல்றாங்க. நான் யாரை நம்பறது?”

முதலாளி மாப்பிள்ளையைப் பார்த்தார். மாப்பிள்ளை முகத்தில் ஈயாடவில்லை. கிடுக்கியைப் பார்த்தார். அவள் சாவித்துவாரத்துக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள், நகர்கிற மாதிரி இல்லை. முதலாளி என்ன நினைத்தாரோ, சட்டைக் கையை மடித்துவிட்டார். ஃபோர்மேனைக் கூட்டிக்கொண்டு படிக்கட்டில் ஏறினார். பன்னிரண்டு மாடி, அதற்கும் மேலே மொட்டை மாடியில் இயந்திர அறை. வயதான மனிதர், ஒவ்வொரு மாடியிலும் நின்று நின்றுதான் போனார்.

இறங்கி வந்தபோது சட்டை முழுக்க வியர்வை, உள்ளங்கை முழுக்கக் கறுப்பு. செயலாளரிடம், “பிரேக் தேஞ்சுபோச்சு. ஆளை வச்சுக்கிட்டு நிக்கிறதுக்குப் பிடிமானமே இல்ல. புதுசு போட நாலஞ்சு நாள் ஆகும், அதுவரைக்கும் ஓடாது. ஒப்பந்தம் வேணுமா வேண்டாமான்னு நீங்க யோசிச்சுக்கங்க,” என்றார்.

“அப்ப இந்தத் திரை?”

“அது தப்பு,” என்றார் முதலாளி.

செயலாளர் யோசித்துச் சொல்கிறேன் என்று போய்விட்டார். காரில் திரும்பி வரும் வழி முழுக்க முதலாளி தெருவையே வெறித்துக்கொண்டு வந்தார். மாப்பிள்ளை பின்சீட்டில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தான். வேலை போய்விட்டது என்றே கிடுக்கி நினைத்தாள். போனால் போகட்டும், வீட்டுக்காரர் கடையில் உட்கார்ந்து கண்ணாடி துடைக்கலாம் என்று மனத்துக்குள் சொல்லிப் பார்த்தாள். செய்ததற்கு மட்டும் அவள் துளியும் வருந்தவில்லை.

கண்ணாடி அறைக்குள் போனதும் முதலாளி டைக்காரரைப் போனில் பிடித்தார். நடு பிளானுக்கு மாற்ற வேண்டும் என்றார். மறுமுனையில் என்னவோ கேட்டது. “எத்தனை பேர்னு அந்த அம்மா எழுதி அனுப்புவாங்க,” என்று சொல்லிவிட்டு வைத்தார். படிவத்தைக் கிடுக்கி பக்கம் தள்ளினார்.

அவள் நின்றபடியே எழுதினாள். எழுதுகிறவர்கள் பகுதியில் போன் அறை ஆட்கள் ஏழு பேர், ஃபோர்மேன் ஒருவர். பார்க்கிறவர்கள் பகுதியில் இன்னும் சில பெயர்கள். திருப்பிக் கொடுத்தாள்.

முதலாளி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழே படித்தார். மறுபடியும் மேலே போனார்.

“என் பேரைக் காணோமே.”

“இருக்கு முதலாளி. ரெண்டாவது பகுதியில. மாப்பிள்ளை சார் பேருக்கு மேல.”

“பார்க்கிறவங்கள்லயா? என் கம்பெனியில நான் வேடிக்கை பார்க்கணுமா?”

“இத்தனை நாள் நாங்க பார்த்தோமில்ல?” என்றாள் கிடுக்கி. “போன் எடுக்கிறவங்கதான் எழுதணும். அதுல சின்னவங்க பெரியவங்க கிடையாது. நீங்க போன் எடுத்தா உங்க பேரையும் அந்தப் பக்கம் மாத்திடறேன்.”

மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டான். முதலாளி பேனாவை உருட்டிக்கொண்டே இருந்தார். திட்டப் போகிறார் என்று அவள் தயாராக நின்றாள்; பதில்கூட நாக்கு நுனியில் இருந்தது. அவர் குனிந்து, கறுப்புப் படிந்த கையோடு படிவத்தில் கையெழுத்துப் போட்டார்.

“எந்த ஷிஃப்ட்ல ஆள் குறையுது?” என்றார்.

“விடியக்காலை ஷிஃப்ட்ல முதலாளி. லேட்டா வந்தா சம்பளம் பிடிப்பேன்.”